1180 தோல்விகள்: கத்தோ ஹிஃபுமியின் ஆட்ட வாழ்வை எப்படி மதிப்பிடுவது?

எண்பத்தொருகட்டம் (இழையைத் தொடங்கியவர்)

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியிலிருந்து 2017 ஜூன் 20 அன்று ஓய்வு பெற்ற கத்தோ ஹிஃபுமியின் ஆட்டக் கணக்கைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. 62 ஆண்டு 10 மாதம் அவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். ஆடிய ஆட்டங்கள் 2505, வெற்றி 1324, தோல்வி 1180. அவர் விடைபெற்ற அன்று, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையிலும் தோல்வியின் எண்ணிக்கையிலும் அவருக்கு மேலே எவரும் இல்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 ஜனவரி 1 அன்று ஃபுகுவோகா மாகாணத்தில் பிறந்தவர். 1954 ஆகஸ்டில், 14 வயது 7 மாதத்தில், நடுநிலைப் பள்ளி மாணவராக இருக்கும்போதே தொழில்முறை ஆட்டக்காரரானார். அதற்கு முன் எவரும் அந்த வயதில் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அந்தச் சாதனை 62 ஆண்டுகள் நின்றது. ஷோகியில் தரவரிசைப் பிரிவுகள் ஐந்து. அடித்தளத்திலுள்ள சி2 பிரிவில் நுழைந்தவர் ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி, 1958-இல், 18 வயதில், உச்சமான ஏ பிரிவில் உட்கார்ந்தார். புராணக் காலத்து முதல் பேரரசர் ஜிம்முவுக்குப் பிறகு இப்படியொரு மேதை பிறக்கவில்லை என்று அந்நாளைய ஜப்பான் அவரைக் கொண்டாடியது.

அப்படித் தொடங்கியவரின் பெயருக்கு நேரே, முடிவில் 1180 தோல்விகள் என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை அவருடைய குறை என்று படிப்பதா, பெருமை என்று படிப்பதா? பெருமை என்பதே என் எண்ணம். ஆனால் என் எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொள்வதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

கணக்குநோட்டு

நல்ல கேள்வி. முதலில் தோல்விகள் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் தவறான இடத்தில் போய் நிற்போம்.

ஷோகியில் பல போட்டிகளின் தொடக்கச் சுற்றுகள், தோற்றவர் வெளியேறும் முறையில் நடப்பவை. அத்தகைய போட்டியில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஒருவர் ஒரு முறைதான் தோற்க முடியும். அத்துடன் அவருடைய அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிடும். ஆகவே மோசமாக ஆடும் ஒருவர் விரைவில் நிறையத் தோல்விகளைச் சேர்த்துவிடுவது நடக்காத காரியம். நிறையத் தோற்க வேண்டுமானால் முதலில் நிறைய வென்று, ஒரே பருவத்தில் பல வலுவான எதிராளிகளைச் சந்திக்கும் லீக் சுற்றுகளுக்குள் நுழைய வேண்டும். அதையும் தாண்டிப் பட்டத்துக்கான தொடருக்குள் போக வேண்டும். ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் தோற்றால், ஒரே எதிராளியிடம் நான்கு தோல்விகள் கணக்கில் ஏறும். கத்தோ பட்டத் தொடர்களில் ஆடியது 24 முறை. வென்றது 8 முறை. மீதி 16 தொடர்கள் அந்த 1180-க்குள்தான் இருக்கின்றன. ஏ பிரிவில் அவர் கழித்தவை 36 பருவங்கள். அங்கே எளிய எதிராளி என்று எவரும் கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தோவைவிட இளைய பெரும் ஆட்டக்காரரான நகஹரா மகோத்தோவின் கணக்கு 1308 வெற்றி, 782 தோல்வி. வெற்றிகளின் எண்ணிக்கையில் கத்தோ நகஹராவை முந்தியிருக்கிறார். ஓய்வு பெறும்போது அவருக்கு மேலே இருந்தவர்கள் ஒயாமா யசுஹருவும் ஹபு யோஷிஹருவும் மட்டுமே.

நேர்கோடு

இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. வெற்றிகளின் மொத்த எண்ணிக்கை நீண்ட காலம் ஆடினால் தானாகச் சேர்வது. விகிதத்தைப் பாருங்கள். ஒயாமா 1433 வெற்றி, 781 தோல்வி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெற்றி. நகஹராவும் அதையொட்டியே நிற்கிறார். கத்தோவுக்கோ நூற்றுக்கு 53-ஐக்கூடத் தொடவில்லை. ஒயாமாவின் பட்டங்கள் 80, நகஹராவின் பட்டங்கள் 64. கத்தோவின் பட்டங்கள் 8.

18 வயதில் ஏ பிரிவுக்கு வந்தவரிடம் எதிர்பார்க்கப்பட்டது எட்டுப் பட்டங்கள் அல்ல. 20 வயதில் மெய்ஜின் பட்டத்துக்காக ஒயாமாவை எதிர்த்து 1-4 என்று தோற்றார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எதிரே இருந்தவர் அந்தக் காலத்தின் மலை. ஆனால் 1973-இல் நகஹராவிடம் 0-4 என்று தோற்றபோது அவர் சிறுவரல்லர். நகஹராதான் அவரைவிட இளையவர். தனக்கு மேலே இருந்த தலைமுறையிடமும் தோற்று, கீழிருந்து வந்த தலைமுறையிடமும் தோற்றவர் என்பதே என் வாசிப்பு.

2002-இல் ஏ பிரிவிலிருந்து இறங்கியபோது அவருக்கு வயது 62. அன்று விடைபெற்றிருந்தால் மரியாதைக்குரிய முடிவாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் படிப்படியாகக் கீழே இறங்கி, சி2 பிரிவின் அடிமட்டத்தில் பேரன் வயதுப் பிள்ளைகளிடம் தோற்றுக்கொண்டிருந்ததைப் பெருமை என்று சொல்ல என்னால் இயலவில்லை. ஆயிரமாவது தோல்வி 2007 ஆகஸ்டில் வந்தது. அதையும் கடந்து 180 தோல்விகள். எதற்காக?

எண்பத்தொருகட்டம்

நேர்கோடு அவர்களே, நீங்கள் எழுப்பியது நியாயமான கேள்வி. ‘எதற்காக’ என்பதற்கு என்னால் இயன்ற விடையைச் சொல்கிறேன்.

ஷோகியில் ஓர் ஆட்டக்காரர் தானாக விலகலாம். அல்லது விதி அவரை விலக்கும். சி2 பிரிவில் அடிமட்டத்தில் முடிப்பவர்களுக்கு இறக்கப் புள்ளி கொடுப்பார்கள். அது மூன்றானால் தரவரிசைப் போட்டியிலிருந்தே வெளியேற வேண்டும். இளையவர்களுக்கு அதற்குப் பிறகும் வேறு வழி உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதுவே ஓய்வு. 2017 ஜனவரியில், மற்றவர்களின் ஆட்ட முடிவுகளால், கத்தோவின் இறக்கம் உறுதியாயிற்று. அதன் பிறகும் ஏற்கெனவே நுழைந்திருந்த போட்டிகளில் எஞ்சியிருந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆடி, கடைசி ஆட்டத்தில் தோற்ற பிறகே எழுந்தார். அதாவது, விதி அனுமதித்த கடைசி ஆட்டம் வரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இடம் பறிபோனது உறுதியாவதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 12 அன்று, ‘தான்’ எனப்படும் தகுதிப் படிகளில் ஏழாவதிலிருந்த ஈஜிமா ஈஜியை வென்றார். அப்போது அவருக்கு 77 வயது. தொழில்முறை ஷோகியில் அந்த வயதில் அதுவரை எவரும் வென்றதில்லை. ஓர் அலுவலகத்தில் வயதின் மரியாதைக்காக நாற்காலி கொடுத்து உட்கார வைப்பதுபோல் அவரை அங்கே எவரும் உட்கார வைக்கவில்லை. ஒவ்வோர் இடத்தையும் ஆடித்தான் காத்துக்கொண்டார், ஆடித்தான் இழந்தார்.

உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும் என்பது, பார்ப்பவர்களாகிய நாம் நம் நினைவில் உள்ள படம் கலையக் கூடாது என்பதற்காக ஆட்டக்காரரிடம் கேட்கும் சலுகை. அதைக் கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்று கருதுகிறேன்.

புதுவாசகர்

இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்ஜின் பட்டம் என்றால் என்ன? 1960-இல் முயன்று தோற்றவர் பிறகு அதை வென்றாரா?

வெள்ளித்தளபதி

வென்றார். 22 ஆண்டுகள் கழித்து, 42 வயதில். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த இழையின் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மெய்ஜின் என்பது ஷோகியின் மிகப் பழைய பட்டம். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. முன்பு சில குடும்பங்களுக்குள் வழிவழியாக வந்தது, 1930-களில்தான் ஆடி வெல்லும் பட்டமாயிற்று. அதற்கு அறைகூவல் விடுக்க ஏ பிரிவில் முதலிடம் பெற வேண்டும். அதாவது, சி2-இலிருந்து எல்லாப் படிகளையும் ஏறி வந்தவர்கள் மட்டுமே தொடக்கூடிய பட்டம். தொடரில் ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு நாள் நடக்கும். ஆளுக்கு ஒன்பது மணி நேரம். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குப் பட்டம்.

1982-இல் கத்தோ எதிர்த்தது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தன்னை 0-4 என்று தோற்கடித்த அதே நகஹராவை. ஏப்ரல் 13 அன்று தொடங்கிய தொடர் ஜூலை 31 வரை நீண்டது. ஏழு ஆட்டங்களில் முடிய வேண்டியது பத்து ஆட்டங்களாயிற்று. ஷோகியில் ஒரே நிலை நான்கு முறை திரும்ப வந்தால் அந்த ஆட்டம் செல்லாது. மீண்டும் ஆட வேண்டும். அப்படி இரண்டு முறை நடந்தது. இரு அரசர்களும் எதிராளியின் எல்லைக்குள் புகுந்துவிட, யாரையும் பிடிக்க முடியாத நிலை வந்தால் அது சமன். அப்படி ஒரு முறை நடந்தது. மற்ற ஏழு ஆட்டங்களில் இருவரும் மும்மூன்று வென்று நிற்க, கடைசி ஆட்டத்துக்கு வந்தார்கள்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் முடிவை நான் பலகையில் காய்களை அடுக்கிப் பலமுறை பார்த்திருக்கிறேன். சதுரங்கம் மட்டும் அறிந்தவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: ஷோகியில் வெட்டிய காயை நம் காயாகவே மீண்டும் பலகையில் ஏறக்குறைய எந்தக் காலிக் கட்டத்திலும் இறக்கலாம். ஆகவே ஆட்டம் முடிவை நெருங்க நெருங்கப் பலகை காலியாவதில்லை. 40 காய்களும் கடைசிவரை உயிரோடு இருக்கும், வழிகள் பெருகிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நிலையில், இரண்டாம் நாள் இரவில், கத்தோ தன் ஒன்பது மணி நேரத்தில் கடைசி ஒரு நிமிடத்துக்கு வந்துவிட்டார். இனி ஒவ்வொரு நகர்வையும் அறுபது நொடிக்குள் ஆடியாக வேண்டும். அவருடைய அரசரும் பாதுகாப்பாக இல்லை. எதிரியின் அரசரை இடைவிடாத முற்றுகையால் பிடித்தாக வேண்டும், இல்லையேல் பட்டம் போய்விடும். அந்த நொடிகளுக்குள் அவர் கண்ணில் பட்டது 3-1 கட்டத்தில் வெள்ளித் தளபதி என்னும் காயை இறக்கும் ஒரு நகர்வு. பார்த்ததும் தன்னையறியாமல் குரல் எழுப்பிவிட்டார். இறக்கினார். நகஹரா பணிந்தார்.

22 ஆண்டுகளில் ஒரு மனிதர் எத்தனை முறை ‘இனி நமக்கு இல்லை’ என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். 1973-இன் நான்கு தோல்விகளும் 1960-இன் நான்கு தோல்விகளும் அந்த 1180-இல் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிக்கொண்டு பலகை முன் மீண்டும் உட்காராதவருக்கு 3-1 வெள்ளி கிடைத்திருக்காது.

அடுத்த ஆண்டே, 21 வயதுத் தனிகவா கோஜியிடம் 2-4 என்று தோற்றுப் பட்டத்தை இழந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நேர்கோடு

1982 தொடரைப் பற்றி இவ்வளவு விவரமாக நான் அறிந்திருக்கவில்லை. நன்றி. இருந்தாலும் ஒரு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கடைசி ஒரு நிமிடத்துக்கு அவர் அடிக்கடி வந்ததற்குக் காரணமே அவர்தான். ஒன்பது மணி நேரத்தைப் பிரித்துச் செலவிடத் தெரிந்தவர் அந்த நெருக்கடிக்குள் போய் விழ மாட்டார். எத்தனை தோல்விகள் அந்தப் பழக்கத்தால் வந்தன என்று யாராவது பார்த்தால் விடை கத்தோவுக்குச் சாதகமாக இருக்காது.

அடுக்களைஜன்னல்

நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் ஷோகி ஆடத் தெரிந்தவள் அல்லள். ஒரு மனிதர் தன் வேலையை எப்படிச் செய்தார் என்று பார்ப்பதில் ஆர்வமுள்ளவள்.

1968-ஆம் ஆண்டின் ஜூதான் என்னும் பட்டத்துக்கான தொடரில், ஒயாமாவுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், ஒரே ஒரு நகர்வுக்காக அவர் ஏழு மணி நேரம் யோசித்தார். அந்தத் தொடரை 4-3 என்று வென்றார்; அதுவே அவருடைய முதல் பெரும் பட்டம். நேரத்தைப் பிரித்துச் செலவிடத் தெரியாதவர் என்று சொல்லலாம். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. பலகையில் மிகச் சரியான நகர்வு ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்ததற்குப் போவது நேர்மையில்லை என்று நம்பியவர்போல் ஆடியிருக்கிறார். முன்பகுதியில் நேரத்தையெல்லாம் கரைத்துவிட்டு, இறுதியில் அறுபது நொடிகளில் ஆடுவார்; அந்த அறுபது நொடி ஆட்டத்தில் அவர் தெய்வம் என்றே பெயர் பெற்றார். விரைவு ஆட்டமான என்.எச்.கே. தொலைக்காட்சிக் கோப்பையை அவர் ஏழு முறை வென்றிருக்கிறார் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு வேகமாக ஆடத் தெரியாமல் இல்லை.

அவருடைய சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்ட நாளில் மதியமும் இரவும் ஒரே உணவு: சோற்றின் மேல் சுட்ட விலாங்கு மீன் அடுக்கிய பெட்டிச் சாப்பாடு. பல பத்தாண்டுகள் அப்படியே. என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பதில்கூட மனம் சிதறக் கூடாது என்பது அதன் காரணம். தங்கும் விடுதித் தோட்டத்தின் செயற்கை அருவி இரைச்சலிடுகிறது என்று அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். எதிராளி எழுந்து போன நேரத்தில் அவருக்குப் பின்னால் போய் நின்று, பலகையை அவருடைய பக்கத்திலிருந்து பார்ப்பார். இவற்றையெல்லாம் தொலைக்காட்சியில் வேடிக்கையாகக் காட்டிக் காட்டி, ஓய்வுக்குப் பிறகு ‘ஹிஃபுமின்’ என்ற செல்லப் பெயரோடு அவர் நாடு முழுவதும் பரிச்சயமானார். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. ஒரு வேலைக்காகத் தன் பசி, காது, கண் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொண்ட ஒருவர் தெரிகிறார்.

1970 கிறிஸ்துமஸ் நாளில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். அப்போது அவருக்கு 30 வயது. பல ஆண்டுகள் ஒயாமாவிடமும் பின்னர் நகஹராவிடமும் தோற்றுக்கொண்டிருந்த காலம். அவருடைய பெரும்பாலான பட்டங்கள் அதற்குப் பிறகே வந்தன: கியோ இரண்டு முறை, ஓஷோ ஒரு முறை, ஜூதான் மேலும் இரண்டு முறை, மெய்ஜின், 1984-இல் ஓய். நம்பிக்கைதான் பட்டங்களைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. தோற்ற மறுநாள் எழுந்து உட்கார ஒருவருக்கு ஓர் ஆதாரம் வேண்டியிருக்கிறது. அவருக்கு அது அங்கே கிடைத்தது.

கணக்குநோட்டு

மேலே நேர்கோடு எழுதியதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். கத்தோ பிடிவாதக்காரர், அந்தப் பிடிவாதம் அவருக்குச் சில ஆட்டங்களைச் செலவாக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ‘போகின்’ என்று ஒரு தாக்குதல் முறை உண்டு. தேருக்கு முன்னால் உள்ள சிப்பாயை முன்னேற்றி, அதன் பின்னால் வெள்ளித் தளபதியை நேராக மேலே ஏற்றிக்கொண்டு போய் எதிரியின் அரணை மோதி உடைப்பது. ஷோகி கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் தாக்குதல் அது. கத்தோ அதைத் தன் வாழ்நாள் முழுவதும் உச்சநிலை ஆட்டங்களில் ஆடினார். அவர் எதிரே உட்காருபவர் முந்தைய நாளே அதற்குத் தயாராகி வரலாம், வந்தார்கள். அவர் மாற்றவில்லை. அந்த முறை சரியானது, தான் தோற்றால் அது தன் கணிப்பின் பிழை என்பதே அவருடைய நிலைப்பாடு.

இணையத்தில் நான் ஆடும்போது இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றாலே வேறு தொடக்கத்துக்கு மாறிவிடுகிறேன். அதனால் எந்தத் தொடக்கத்தையும் ஆழமாக அறியாமலே பல ஆண்டுகள் போய்விட்டன. கத்தோவின் போகின் ஆட்டங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

வெள்ளித்தளபதி

2016 டிசம்பர் 24-ஐப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

கத்தோவின் 62 ஆண்டுச் சாதனையை முறியடித்து, 14 வயது 2 மாதத்தில் தொழில்முறைக்கு வந்த ஃபுஜீ சோத்தாவின் முதல் ஆட்டம் அன்று நடந்தது. எதிரே உட்கார்ந்தவர் கத்தோ. ஒருவருக்கு 14, மற்றவருக்கு 76. இடைவெளி 62 ஆண்டு 6 மாதம். தொழில்முறை ஆட்டம் ஒன்றில் அவ்வளவு வயது வேறுபாடு அதற்கு முன் இருந்ததில்லை. இருவரும் யாகுரா என்னும் மரபான அரணைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். 110-ஆம் நகர்வில் ஃபுஜீ வென்றார். அங்கிருந்து தொடங்கித் தோல்வியே இல்லாமல் 29 ஆட்டங்களை வென்றார் என்பது எல்லாரும் அறிந்தது.

19-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்களுடனும், 20-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்களுடனும், 21-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஃபுஜீயுடனும் அதிகாரபூர்வ ஆட்டங்கள் ஆடியவர் கத்தோ ஒருவரே. அந்த மூன்றாவது நூற்றாண்டு அவர் கணக்கில் ஒரு தோல்வியாகத்தான் ஏறியது. நேர்கோடு அவர்கள் சொன்னபடி 2002-இல் எழுந்து போயிருந்தால் அந்த ஒரு தோல்வி இருந்திருக்காது. ஆனால் அந்த ஆட்டமும் இருந்திருக்காது. ஃபுஜீயின் முதல் எதிராளியாக வேறொருவர் உட்கார்ந்திருப்பார், நாம் அவர் பெயரை மறந்திருப்போம்.

இன்னொரு செய்தி. நடுநிலைப் பள்ளி மாணவராக இருக்கும்போதே தொழில்முறைக்கு வந்தவர்கள் ஃபுஜீ வரை ஐந்து பேர்: கத்தோ, தனிகவா, ஹபு, வத்தனபே அகிரா, ஃபுஜீ. ஐவரும் மெய்ஜின் ஆனார்கள். ஆனால் 18 வயதில் ஏ பிரிவை அடைந்த சாதனையை ஃபுஜீயாலும் தொட முடியவில்லை. அவர் அங்கே வந்தபோது 19 ஆகியிருந்தது.

நேர்கோடு

டிசம்பர் 24 ஆட்டத்தைப் பற்றி வெள்ளித்தளபதி சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. 2002-இல் விலகியிருக்க வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் கடைசி நாளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். 2017 ஜூன் 20, ரியூஓ போட்டியின் ஆறாம் பிரிவில், தகனோ சத்தோஷி என்ற இளைஞரிடம் 98 நகர்வுகளில் தோற்றார். ஷோகியில் ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஆட்டத்தை முதலிலிருந்து மீண்டும் அடுக்கி, எங்கே தவறு என்று பேசுவது வழக்கம். கத்தோ அதற்கு உட்காரவில்லை. காத்திருந்த செய்தியாளர்களிடமும் நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். அறுபதாண்டுக்கு மேல் அந்த மரபுக்குள் வாழ்ந்தவர், கடைசி நாளில் எதிரே இருந்த இளைஞருக்கு அந்த மரியாதையைக் கொடுத்திருக்க வேண்டாமா? இது குறை கூறும் கேள்வி அல்ல. உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

அடுக்களைஜன்னல்

எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். ஆட்டத்தை மீண்டும் அடுக்கிப் பார்ப்பது அடுத்த ஆட்டத்துக்காக. இங்கே தவறினேன், அடுத்த முறை தவற மாட்டேன் என்பதற்காக. 2505 ஆட்டங்களுக்குப் பிறகு, வாழ்வில் முதல் முறையாக, அவருக்கு அடுத்த ஆட்டம் இல்லை.

இளைஞருக்குச் சேர வேண்டிய மரியாதையைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இளைஞரை வெல்வதற்காக 77 வயதில் இரவு வரை பலகை முன் உட்கார்ந்தார். அது அவருக்குக் கொடுத்த மரியாதை இல்லையா? பத்து நாள் கழித்து, ஜூன் 30 அன்று, செய்தியாளர்களை அமர்ந்து சந்தித்து எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொன்னார். அன்றிரவு மட்டும் அவரால் முடியவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணுகிறேன்.

எண்பத்தொருகட்டம்

ஒரு தேதிக் குறிப்பைச் சேர்க்கிறேன். கத்தோ விடைபெற்றது ஜூன் 20. மறுநாள், ஜூன் 21 அன்று, ஃபுஜீ தன் 28-ஆவது தொடர் வெற்றியைப் பெற்று, அதுவரை இருந்த சாதனையைச் சமன் செய்தார். 26-ஆம் தேதி அதை முறியடித்தார். தொடரின் முதல் வெற்றி கத்தோவிடமிருந்து வந்தது. அந்தத் தொடர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போனார்.

புதுவாசகர்

மீண்டும் ஒரு சிறு கேள்வி. இழையின் முதல் பதிவில் 2505 ஆட்டங்கள், 1324 வெற்றி, 1180 தோல்வி என்று இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2504 தான் வருகிறது. எண்ணில் எழுத்துப் பிழையா, அல்லது ஓர் ஆட்டம் எங்கேயாவது விடுபட்டிருக்கிறதா?

கணக்குநோட்டு

பிழை இல்லை, நன்றாகக் கவனித்தீர்கள். திரும்பத் திரும்ப ஒரே நிலை வந்து செல்லாமற்போகும் ஆட்டங்கள் கணக்கில் சேர்வதில்லை. அவற்றை மீண்டும் ஆடி, அந்த முடிவையே எழுதுவார்கள். ஆனால் பட்டத் தொடரில் இரு அரசர்களும் எதிர்ப்பக்கம் புகுந்து சமனாகும் ஆட்டம் தனியே ஓர் ஆட்டமாக எழுதப்படும். கத்தோவின் கணக்கில் வெற்றியும் அல்லாத, தோல்வியும் அல்லாத ஆட்டம் அந்த ஒன்றுதான். மேலே வெள்ளித்தளபதி சொன்ன 1982 மெய்ஜின் தொடரில், நகஹராவுடன் ஆடியது.